கண் கண்டதும் கருவி அளந்ததும்: வேட்டைத் தொலைநோக்கியின் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் வேட்டைக்குரிய தொலைநோக்கிக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைக் கண்டதும் நீங்கள் எண்ணக்கூடும். நான் வேட்டையாடுபவன் அல்லன். துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும் பல ஆண்டுகளாகப் பள்ளியின் இயற்கைக் கழகத்திற்குப் பொறுப்பேற்று, இரண்டு பழைய இருகண் தொலைநோக்கிகளைக் கொண்டு மாணவர்களுக்கு இருவாய்ச்சிப் பறவைகளைக் காட்டி வந்திருக்கிறேன். அக்கழகத்தில் இருந்த மாணவர் ஒருவர் இப்பொழுது நியூசிலாந்தின் தென்தீவில் பணியாற்றுகிறார். அவரிடமிருந்து வந்த மடலே இக்கட்டுரைக்கு வித்திட்டது.

"ஐயா, தொலைவை அளந்து காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்க வேண்டும். கடையில் பத்து வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?" என்று அவர் கேட்டிருந்தார். அதற்குரிய காரணத்தையும் எழுதியிருந்தார். முறைப்படி அனுமதி பெற்று மான் வேட்டைக்குச் சென்றிருக்கிறார். பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் செம்மான் ஒன்று நின்றது. தொலைவு 200 மீட்டர் என்று கண்ணால் மதிப்பிட்டு, நெஞ்சைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு முன்னங்காலைத் தாக்கியது. மான் எழுந்து ஓடிவிட்டது. அன்று மாலையும் மறுநாள் முழுவதும் தேடியும் அது கிடைக்கவில்லை. பின்னர் நிலப்படத்தில் அளந்து பார்த்தபோது தொலைவு 320 மீட்டர் என்று தெரிந்தது. "அது எங்கே போய் எப்படிச் செத்ததோ தெரியவில்லை ஐயா. தூக்கம் வரவில்லை" என்று மடலை முடித்திருந்தார்.

எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம் என்று இரண்டு வரியில் விடை எழுதியிருக்கலாம். ஆனால் அக்கருவி எவ்வாறு உருவானது என்பதை அறிந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தானே விளங்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே அவருக்கு எழுதிய நெடிய விடையைச் சற்றே விரித்து இங்கே தருகிறேன்.

செம்மான் எவ்வாறு அங்கு வந்தது?

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிட வேண்டும். மானை வேட்டையாட அரசே அனுமதி தருமா என்று பெற்றோர்கள் கேட்கலாம். நியூசிலாந்தின் இயல்பான தரைவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. செம்மான்களை ஆங்கிலேயக் குடியேறிகள் 1851ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து விட்டனர். புலியோ ஓநாயோ இல்லாத நாட்டில் அவை பெருகின; காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன; மலைச் சரிவுகளில் மண் அரிப்புக்கு வழிவகுத்தன. 1930ஆம் ஆண்டில் அரசு அவற்றுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நீக்கி, அவற்றைக் குறைக்கும் பணியைத் தொடங்கியது. இன்றும் அரசுக் காப்புநிலங்களில் அனுமதிச் சீட்டுடன் மான் வேட்டை நடைபெறுகிறது. எனவே என் மாணவர் செய்தது சட்டத்திற்குப் புறம்பானது அன்று. அவர் தவறியது மதிப்பீட்டில்.

கண் ஏன் ஏமாறுகிறது?

நம் இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர். ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளை தொலைவை உணர்கிறது. கையெட்டும் தூரத்தில் இம்முறை வியக்கத்தக்க துல்லியம் உடையது. ஊசியில் நூல் கோக்க முடிவது இதனால்தான். ஆனால் 300 மீட்டர் தொலைவில் உள்ள பொருளுக்கு அக்கோணம் 45 விகலை அளவே ஆகும். ஒரு பாகையில் 3,600 விகலைகள் உண்டு. அதாவது ஒரு பாகையின் எண்பதில் ஒரு பங்கு. அத்தனை சிறிய கோணத்தை நம்பி எவ்வளவு தொலைவு என்று கூற இயலாது.

ஆகவே தொலைவில் உள்ளவற்றை மூளை வேறு குறிப்புகளைக் கொண்டு மதிப்பிடுகிறது. இடையில் உள்ள மரங்கள், வேலிகள், வழக்கமாகக் கண்ட உருவங்களின் அளவு, காற்றில் உள்ள மங்கல் ஆகியவை அக்குறிப்புகள். பள்ளத்தாக்கின் குறுக்கே பார்க்கும்போது இடையில் வெறும் காற்றுவெளியே இருப்பதால் முதற்குறிப்பு இல்லாமல் போகிறது. மலைக்காற்று தெளிவாக இருந்தால் மங்கலும் இல்லை. விளைவு, பொருள் இருப்பதைவிட அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. என் மாணவருக்கு நேர்ந்தது இதுவே.

இனி, அந்த 120 மீட்டர் பிழை என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இடைநிலைப்பள்ளி இயற்பியலே போதும். குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் செல்வதாகவும் காற்றுத் தடை இல்லை என்றும் கொள்வோம். 200 மீட்டரைக் கடக்க 0.25 நொடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை 31 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். சுடுபவர் அதற்கு ஈடாகக் குழலைச் சிறிது உயர்த்துகிறார். அதே உயர்த்தல் 320 மீட்டரில் 49 சென்டிமீட்டர் ஆகிறது. ஆனால் 320 மீட்டரைக் கடக்க 0.4 நொடி ஆவதால், குண்டு விழும் அளவோ 78 சென்டிமீட்டர். ஆக, குறி 29 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது. காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் தாழும். நெஞ்சுக்கும் முன்னங்காலுக்கும் உள்ள இடைவெளி அதுதான். உடனடி இறப்புக்கும் நாட்கணக்கான துன்பத்துக்கும் உள்ள இடைவெளியும் அதுதான்.

மிடில்பர்க் முதல் யேனா வரை

தொலைவைக் காண்பதும் தொலைவை அளப்பதும் இருவேறு கலைகள். அவை தனித்தனியே வளர்ந்து, மிகப் பிற்காலத்தில்தான் ஒரே கருவியில் இணைந்தன. காணும் கலையை முதலில் பார்ப்போம்.

1608ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரைச் சேர்ந்த மூக்குக்கண்ணாடி வினைஞர் ஹான்ஸ் லிப்பர்ஹே, தொலைவிலுள்ள பொருளை அருகில் காட்டும் குழலுக்குக் காப்புரிமை வேண்டி ஹேக் நகரிலிருந்த ஆட்சி மன்றத்திடம் விண்ணப்பித்தார். கருவியைச் சோதித்த மன்றத்தினர் ஒரு கோரிக்கை வைத்தனர்: ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது தொல்லையாக உள்ளது, இரு கண்களாலும் பார்க்குமாறு செய்து தர முடியுமா? 900 கில்டர் விலை பேசப்பட்டது. லிப்பர்ஹே செய்து கொடுத்தார். வேறு சிலருக்கும் இக்கலை தெரிந்திருந்தமையால் காப்புரிமை மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. தொலைநோக்கி பிறந்த ஆண்டிலேயே இருகண் தொலைநோக்கியும் பிறந்துவிட்டது என்பது பலர் அறியாத செய்தி.

மறு ஆண்டு கலிலியோ தம் குழலை வெனிஸ் நகரப் பெருமக்களுக்கு மணிக்கூண்டின் உச்சியிலிருந்து காட்டினார். வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே கப்பல்களை அதில் காண முடிந்தது. ஆனால் கலிலியோவின் அமைப்பில் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. 1611இல் கெப்ளர் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட மேம்பட்ட அமைப்பை விளக்கினார். அதில் பரப்பு விரிந்தது. ஆனால் உருவம் தலைகீழாகத் தெரிந்தது. விண்மீனைப் பார்ப்பவருக்கு அது குறையன்று. காட்டில் விலங்கைப் பார்ப்பவருக்கு அதனால் பயனில்லை.

தலைகீழ் உருவத்தை நிமிர்த்தும் எளிய வழியை 1854இல் இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ கண்டறிந்தார். ஒளியைக் கண்ணாடிப் பட்டகங்களுக்குள் நான்கு முறை திருப்பி அனுப்பி, உருவத்தை நிமிர்த்தியதோடு குழலின் நீளத்தையும் அவர் குறைத்தார். எண்ணம் சிறந்தது, அக்காலக் கண்ணாடியின் தரமோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. செருமனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் என்பவரின் கண்ணாடி ஆய்வுக்கூடம் 1884இல் தோன்றிய பின்னரே தூய கண்ணாடி கிடைத்தது. அதைக் கொண்டு, இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபேயின் வடிவமைப்பில் சைஸ் நிறுவனம் 1894இல் பட்டகத் தொலைநோக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபே இதைத் தாமாகவே சிந்தித்தவர். காப்புரிமை கேட்டபோதுதான் போர்ரோ தமக்கு முந்திவிட்டார் என்பது அவருக்குத் தெரியவந்தது.

1905இல் வெட்ஸ்லர் நகரின் ஹென்சோல்ட் நிறுவனம் கூரை வடிவப் பட்டகத்தைக் கொண்டு நேர்க்குழல் உடைய தொலைநோக்கியை அமைத்தது. 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வில்லைகளின் மீது மெல்லிய படலம் பூசி ஒளி எதிரொளிப்பதைத் தடுத்தார். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகும். அந்தி மயங்கும் வேளையில் மானா மாடா என்று பிரித்தறிய வேண்டியவருக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு பெரிது.

முக்கோணம் தந்த விடை

அளக்கும் கலைக்கு வருவோம். ஆற்றின் அகலத்தை நீந்தாமலே அளக்கும் முறை நில அளவையாளர்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். கரையில் ஒரு நேர்க்கோட்டை அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் எதிர்க்கரை மரத்தின் கோணத்தைக் குறித்தால், முக்கோணக் கணக்கு தொலைவைச் சொல்லிவிடும். 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையை ஒட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கியது இம்முறையில்தான். கோணம் அளப்பதற்கு அவர் பயன்படுத்திய தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்திற்கு அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதை அவரே பல வாரங்கள் உழைத்துச் செப்பனிட்டார்.

பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோட்டை எவரும் தோளில் சுமக்க முடியாது. அடிக்கோட்டைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? 1888இல் பிரிட்டிஷ் போர்த்துறை, காலாட்படைக்கு ஏற்ற தொலைவுமானி வேண்டும் என்று விளம்பரம் செய்தது. லீட்ஸ் நகரில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆர்ச்சிபால்ட் பாரும் இயற்பியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஸ்ட்ரவுடும் அதைக் கண்டு ஒரு கருவியை உருவாக்கினர். நீண்ட குழலின் இரு முனைகளிலும் எதிரொளிப்பான்கள்; நடுவே ஒரு கண்ணருகு வில்லை. இரு முனைகளிலிருந்தும் வரும் உருவங்கள் பொருந்தும்வரை திருகைச் சுழற்றினால் அளவுகோலில் தொலைவு தெரியும். தரைப்படை அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் கடற்படை ஏற்றுக்கொண்டது.

செருமனியில் சைஸ் நிறுவனத்தின் கார்ல் புல்ஃப்ரிக் வேறொரு வழியை மேற்கொண்டார். இரு கண்களுக்கும் இயல்பாக உள்ள ஆழவுணர்வையே பெருக்கிக்காட்டி, அதனூடே மிதக்கும் குறியை இலக்கின் ஆழத்திற்குப் பொருத்தும் முறை அது. இரு கண்களின் ஒத்துழைப்பை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அவருக்குப் பிற்காலத்தில் ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. 1922இல் அவர் விளக்கிய ஒரு பார்வைத் தோற்றம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அத்தோற்றத்தை அவரால் காண இயலவில்லை.

இக்கருவிகள் வேட்டைக்காரரின் கைக்கு ஏன் வரவில்லை? காரணம் கணிதத்தில் உள்ளது. முக்கோண முறையில் தொலைவு இருமடங்கானால் பிழை நான்கு மடங்காகும். பிழையைக் குறைக்க அடிக்கோட்டை நீட்ட வேண்டும். எனவே கப்பல்களில் இருந்த தொலைவுமானிகள் நீண்டுகொண்டே சென்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் யமாத்தோ போர்க்கப்பலில் இருந்தது 15 மீட்டர் நீளமுடையது. அதைச் செய்த நிப்பான் கோகாக்கு நிறுவனமே இன்றைய நிக்கான். கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியின் அகலமோ ஒரு சாண் கூட இல்லை. அருகிலுள்ள பொருளைப் படமெடுப்பவருக்கு மட்டும் குறுகிய அடிக்கோடு போதுமானதாக இருந்தது. வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ் நிறுவனம் 1932இல் தன் லைக்கா படக்கருவிக்குள் தொலைவுமானியை இணைத்தது. இந்தப் பெயரை நினைவில் கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

நூறு ஆண்டுகளாக வேட்டைக்காரர் கையில் இருந்தது வேறொரு எளிய முறை. கண்ணருகு வில்லையில் மில் எனப்படும் கோடுகள் இருக்கும். 1 மீட்டர் உயரப் பொருள் 1 கிலோமீட்டர் தொலைவில் 1 மில் அளவே தெரியும். மானின் உயரம் தெரிந்தால் தொலைவு தெரியும். ஆனால் மான் குட்டியா வளர்ந்ததா என்பதில் தவறினால் கணக்கும் தவறிவிடும்.

ஒளியே அளவுகோல் ஆனது

1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், கலிபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் மாணிக்கப் படிகம் ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். குறுகிய கற்றையாகச் செல்லும் ஒளித்துடிப்பை அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும். இங்கே அடிக்கோடு வேண்டியதில்லை, முக்கோணமும் வேண்டியதில்லை. தொலைவு கூடினால் பிழை நான்கு மடங்காகப் பெருகும் தொல்லையும் இல்லை. கடிகாரம் ஒன்றே வேண்டும்.

ஆனால் எத்தகைய கடிகாரம்! ஒளி நொடிக்கு 299,792,458 மீட்டர் செல்கிறது. 300 மீட்டர் சென்று திரும்ப இரண்டு மைக்ரோநொடிகளே ஆகும். 1 மீட்டர் துல்லியம் வேண்டுமெனில் ஏறத்தாழ 6.7 நேனோநொடியைப் பிரித்தறிய வேண்டும். இதே முறையில் 1969இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் வைத்த எதிரொளிப்பானிலிருந்து ஒளியைத் திரும்பப் பெற்று, நிலவின் தொலைவையே அளந்தனர்.

தொடக்கத்தில் லேசர் தொலைவுமானிகள் பீரங்கி வண்டிகளுக்கே உரியனவாக இருந்தன. குறைகடத்தி லேசர்களும் சிறிய மின்சுற்றுகளும் வந்த பின் கருவி சுருங்கியது. 1992இல் லைக்கா நிறுவனம் கியோவிட் என்னும் இருகண் தொலைநோக்கியை வெளியிட்டது. 7 மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் வில்லையும் உடைய அதனுள் லேசர் தொலைவுமானி அமைந்திருந்தது. 1608இல் தொடங்கிய காணும் கலையும் 1888இல் தொடங்கிய கையளவு அளக்கும் கலையும் பொதுமக்கள் வாங்கக்கூடிய ஒரே கூட்டுக்குள் சேர்ந்தன. பின்னர் சைஸ், ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி முதலிய நிறுவனங்களும் அவ்வழியே வந்தன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இவ்வளவையும் எழுதிய பின் என் மாணவருக்கு ஐந்து குறிப்புகளைத் தந்தேன்.

முதலாவது, கண்ணாடியைப் பாருங்கள். எண்ணைப் பின்னர் பாருங்கள். மலைமேல் பத்து மணி நேரம் இருப்பவர் அளக்கும் பொத்தானை அழுத்துவது சில முறைதான். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8x42 என்றால் 5.25 மில்லிமீட்டர், 10x42 என்றால் 4.2, 8x56 என்றால் 7. இருளில் இளையோரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும்; வயது ஏற ஏற அது குறையும். செருமனியில் பெரும்பாலான வேட்டை விலங்குகளைக் கதிரவன் மறைந்த ஒன்றரை மணி நேரத்திற்குப் பின் சுடக்கூடாது என்பது சட்டம். அந்த ஒன்றரை மணி நேரத்தின் மங்கலுக்காகவே அங்கே 8x56 செல்வாக்குப் பெற்றது. மலையில் பகலில் நடப்பவருக்கு அவ்வளவு எடை வேண்டியதில்லை. கையில் நடுங்காத 8 மடங்கோ 10 மடங்கோ போதும்.

இரண்டாவது, பெட்டியின் மீது அச்சிட்ட பெருந்தொலைவை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஒளியை நன்கு திருப்பும் பலகைக்கு உரிய அளவு. மானின் உரோமம் ஒளியைச் சிதறடிக்கும். அதற்கான எல்லை மிகக் குறைவு. மானுக்கு எவ்வளவு என்று விவரத்தாளில் தனியே தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, கற்றையின் விரிவை அறிந்துகொள்ளுங்கள். கற்றை 1.5 மில் விரிவுடையதாயின் 300 மீட்டரில் 45 சென்டிமீட்டர் அகலம் ஆகிவிடும். முன்னே நிற்கும் புல்லையோ பின்னே உள்ள பாறையையோ அளந்துவிட்டு மானின் தொலைவு என்று காட்டக்கூடும். ஆகவே ஒரு முறைக்கு மூன்று முறை அளக்க வேண்டும். மூடுபனியிலும் மழையிலும் எண் பிழைபடும்.

நான்காவது, சரிவின் கோணத்தைக் கணக்கிடும் வசதி மலைநாட்டில் இன்றியமையாதது. 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்று காட்டினால், புவியீர்ப்பு கணக்கில் கொள்வது ஏறத்தாழ 346 மீட்டர் கிடைத்தொலைவையே.

ஐந்தாவது, மின்கலம் தீர்ந்த பின்னும் அது நல்ல தொலைநோக்கியாக இருக்க வேண்டும். அளக்கும் ஒளியைப் பிரித்தெடுக்கும் பூச்சு, காணும் ஒளியில் சிறிதைக் குறைப்பதுண்டு. எனவே மாலை வேளையில் கடைவாசலில் நின்று, தொலைவுமானி இல்லாத நல்ல கருவி ஒன்றுடன் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோவை நெருங்கும் எடையைக் கழுத்தில் சுமந்து சிறிது நடந்தும் பாருங்கள்.

கருவி சொல்லாத ஒன்று

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தொலைவு துல்லியமாகத் தெரிந்துவிட்டால் எவ்வளவு தொலைவிலிருந்தும் சுடலாம் என்ற எண்ணம் எழும். இன்றைய கருவிகள் குண்டின் வீழ்ச்சியையே கணக்கிட்டுச் சொல்லிவிடுகின்றன. ஆனால் காற்று இடையில் எப்படி வீசுகிறது என்பதும், குண்டு சென்றடைவதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைக்குமா என்பதும் அவற்றுக்குத் தெரியாது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் வேட்டைக்காரர்களின் அமைப்பே ஆயினும், தன் திறனைக் காட்டுவதற்காக நெடுந்தொலைவிலிருந்து சுடுவது நேர்மையான வேட்டை ஆகாது என்று கூறி வருகிறது.

நம் நாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. தியோடர் ஹப்பேக் மலாயாவில் வாழ்ந்த தோட்டக்காரர். பெயர் பெற்ற வேட்டைக்காரர். யானையையும் செலாடாங் எனும் காட்டெருதையும் வேட்டையாடியதைப் பற்றி 1905இல் நூலே எழுதியவர். காலப்போக்கில் அவர் துப்பாக்கியை விட்டுப் படக்கருவியை எடுத்தார். 1930களின் தொடக்கத்தில் வனவிலங்கு ஆணையத்திற்குத் தலைமையேற்று, ஊர் ஊராகச் சான்றுகள் திரட்டினார். அவருடைய விடாமுயற்சியால் 1938-39ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்த காப்பகம் உருவானது. அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் வழங்கிய அக்காடே நம் மாணவர்கள் சுற்றுலா செல்லும் தாமான் நெகாரா. அதன் பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். விலங்கைக் கொல்வதற்காக ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கியவர், நோக்கியதன் பயனாகவே அதன் காவலரானார்.

வகுப்பறைக்கு ஒரு பயிற்சி

ஆசிரியர்கள் இதை எளிதாகச் செய்து காட்டலாம். மாணவர்களைத் திடலின் ஓர் ஓரத்தில் நிறுத்தி, எதிர் ஓரத்துக் கோல்கம்பத்தின் தொலைவை எழுதச் சொல்லுங்கள். நான் செய்தபோது ஆறாம் ஆண்டு மாணவர்களின் விடைகள் 40 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை இருந்தன. அளவுநாடா காட்டியது 92 மீட்டர். 'நான் நன்றாகப் பார்த்துத்தான் எழுதினேன் ஐயா' என்று ஒவ்வொருவரும் வாதிட்டனர். உண்மைதான், நன்றாகப் பார்த்துத்தான் தவறினர்.

பின்னர் கட்டைவிரல் முறையைக் கற்பியுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணால் பார்த்து இலக்கை மறைக்க வேண்டும். அக்கண்ணை மூடி மறுகண்ணைத் திறந்தால் விரல் பக்கவாட்டில் தாவும். எத்தனை மீட்டர் தாவியது என்று இலக்கை ஒட்டிய பொருள்களைக் கொண்டு மதிப்பிட்டு, பத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். கையின் நீளம் கண்களின் இடைவெளியைப் போல் ஏறத்தாழ பத்து மடங்காக இருப்பதே காரணம். லாம்டன் பரங்கிமலையில் செய்ததும் பாரும் ஸ்ட்ரவுடும் குழலுக்குள் அடைத்ததும் இதே முக்கோணம்தான். எங்கள் மாணவர்களின் இரண்டாம் விடைகள் 70க்கும் 120க்கும் இடையே வந்துவிட்டன.

என் மாணவர் 10x42 அளவுள்ள கருவி ஒன்றை வாங்கினார். விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டதாம். சில திங்களுக்குப் பின் மீண்டும் எழுதினார். அதே பள்ளத்தாக்கு, எதிர்ச் சரிவில் மீண்டும் ஒரு மான். தமக்கு 250 மீட்டர் என்று தோன்றியதாம்; கருவி 384 என்று காட்டியதாம். 200 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை என்று முன்பே உறுதி செய்துகொண்டிருந்தபடியால், அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். "சுடாமல் வந்த அன்றுதான் ஐயா, அது எப்படி மேய்கிறது என்பதை முழுதாகப் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார்.

அம்மடலை இயற்கைக் கழகத்து மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் திடலுக்குச் சென்றபோது, நான் கேட்பதற்கு முன்பே ஒரு மாணவி கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.